கடைசிப் பெட்டையின் கொத்து: ஒரு புதுக்கோழி கூட்டத்தில் சேர்ந்த விதம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கூட்டைத் திறந்தபோது புதுப்பெட்டை மூலையில் தலையைச் செருகிக்கொண்டு நின்றது. பின்மண்டையில் இறகே இல்லை. கொண்டைச் சதை கிழிந்து, ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அதன் முதுகில் ஏறி நின்று இன்னமும் கொத்திக்கொண்டிருந்தது, எங்கள் கூட்டத்திலேயே எல்லாரிடமும் கொத்து வாங்குகிற வெள்ளைப் பெட்டை.

அந்தக் காலைதான் இதை எழுத வைத்தது. வீட்டில் நாலைந்து கோழி வளர்ப்பவர்கள் பலர், புதுக்கோழியை வாங்கிவந்து விட்டுவிட்டு, பழையவை சேர்க்கவில்லை என்று ஒரே வாரத்தில் அதை அறுத்துவிடுகிறார்கள், இல்லையென்றால் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். குடுமி என்று நாங்கள் கூப்பிடுகிற இந்தப் புதுப்பெட்டையும் அப்படிப் போயிருக்க வேண்டியதுதான். போகவில்லை. ஜனவரி கடைசி வெள்ளியிலிருந்து மார்ச் கடைசி வரை தினமும் காலையில் கால்மணி நேரம், மாலையில் கால்மணி நேரம் பார்த்து ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். எட்டு நாற்பது பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவனுக்கு அதற்குமேல் வாய்க்கவில்லை. நான் எங்கே தப்பு செய்தேன், எது கைகொடுத்தது என்பதை அந்த நோட்டை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இருந்த கூட்டம்

எங்கள் வீடு சோழவந்தானுக்குப் பக்கத்தில், வெற்றிலைக் கொடிக்காலுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்ட் அளவுக்குக் காலி இடம். ஒரு புளியமரம், ஒரு குப்பைமேடு, இப்போது மாடு இல்லாத பழைய தொழுவம். கோழிக்கூடு நாலடிக்கு மூணடி, மரச்சட்டமும் கம்பிவலையும். அதில் ஒரு சேவல், ஆறு பெட்டை. எல்லாம் சிறுவிடை, நாட்டுக்கோழியில் சின்ன வகை.

பெயர் என்று பெரிதாக எதுவும் வைக்கவில்லை. நிறம்தான் பெயர்: செவலை, கருப்பி, புள்ளி, சாம்பல், காப்பி, வெள்ளை. இதில் முதல் ஐந்தும் எங்கள் வீட்டிலேயே ஒரே அடையில் பொரித்தவை. வெள்ளை மட்டும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் தங்கச்சி வீட்டிலிருந்து விடைக்கோழியாக வந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

யார் யாருக்கு மேல் என்று தெரிந்துகொள்வது ஒன்றும் கஷ்டமில்லை. தீனியை இறைத்துப் போட்டால் தெரியாது. ஒரு கை கம்பை ஒரே இடத்தில் குவித்துப் போட வேண்டும். எது வந்தால் எது விலகுகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும். மூன்று நாளில் கணக்கு வந்துவிட்டது. செவலை எல்லாவற்றுக்கும் மேல். அதற்கு அடுத்து கருப்பி. அதன் கீழே ஒரு வேடிக்கை: புள்ளி சாம்பலைக் கொத்துகிறது, சாம்பல் காப்பியைக் கொத்துகிறது, காப்பி திரும்பிப் புள்ளியைக் கொத்துகிறது. இந்த மூன்றும் வட்டமாக நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் வெள்ளை. சேவல் இந்த வரிசையில் சேர்த்தி இல்லை. அது வந்தால் ஆறுமே வழிவிடும்.

இந்தக் கொத்து வரிசையை முதலில் முறையாகக் குறிப்பெடுத்து எழுதியவர் நார்வேக்காரரான தோர்லெய்ஃப் ஷெல்டெரப்-எப்பே. சின்ன வயதிலிருந்தே கோழிகளைப் பார்த்துக் குறிப்பெடுத்து, 1920-களின் தொடக்கத்தில் வெளியிட்டார். வரிசை எப்போதும் நேர்க்கோடாக இருக்காது, இடையில் இப்படி மூன்று கோழி வட்டம் வரும் என்பதையும் அவர் எழுதியிருக்கிறார். நம் கொல்லையிலும் அதே வட்டத்தைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வரிசை என்பது கொடுமை என்று நினைத்துவிடக் கூடாது. வரிசை இருக்கிறதால்தான் ஒவ்வொரு கம்புக்கும் சண்டை இல்லை. செவலை தலையைச் சற்றுத் தூக்கிப் பார்த்தாலே போதும், சாம்பல் ஒதுங்கிவிடும். இறகு கூட உதிராது. கொத்தும் ரத்தமும் வருவது வரிசை இல்லாத நேரத்தில்தான். புதுக்கோழி ஒன்று உள்ளே வந்தால் அதன் இடம் மட்டும் இல்லை, அதற்குப் பக்கத்தில் நிற்கிற எல்லாக் கோழியின் இடமும் கேள்விக்குறியாகிவிடுகிறது.

சந்தையும் தொழுவமும்

குடுமியைத் திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கினேன். கருப்பு நிறம், எடை 1.2 கிலோ, உச்சந்தலையில் குடுமி கட்டியது போல இறகு. கொண்டைக்கோழி என்று சொல்லும் வகை. காலைக் கட்டித் தலைகீழாகப் பிடித்திருந்தபோதும் கண் தெளிவாக இருந்தது, மூக்கில் சளி இல்லை, பின்புறம் இறகு சுத்தமாக இருந்தது. அதனால் வாங்கினேன்.

நேராகக் கூட்டத்தில் விடவில்லை. அதற்குக் காரணம் பட்ட பாடு. மூன்று வருஷத்துக்கு முன்னால் சந்தையிலிருந்து ஒரு கோழியைக் கொண்டுவந்து அன்றைக்கே விட்டேன். ஆறாம் நாள் அது பச்சையும் வெள்ளையுமாகக் கழிய ஆரம்பித்தது. அடுத்த பத்து நாளில் 11 உருப்படியில் 9 போய்விட்டது. வெள்ளைக்கழிச்சல். நோய் உடம்பில் ஏறியபின் வெளியே தெரிய 2 முதல் 15 நாள் வரை ஆகலாம் என்று கால்நடை மருத்துவர் சொன்னபோது எனக்கு வாயடைத்துப்போனது. நான் அன்று வாங்கியது நோய்தான், கோழியில்லை.

அதனால் குடுமிக்குத் தொழுவத்தில் 21 நாள் தனிவாசம். நம் கோழிகளுக்குத் தீனி, தண்ணீர் எல்லாம் முடித்த பிறகுதான் அதனிடம் போவேன். அதற்கென்று தனிச் சட்டி. தொழுவத்துக்குள் போட்டுப்போகிற செருப்பைக் கொல்லைக்குள் போடமாட்டேன். பிப்ரவரியில் அரசு நடத்துகிற கழிச்சல் தடுப்பூசி முகாமில் பழைய ஆறுக்கும் சேவலுக்கும் ஊசி போட்டுவிட்டு, சட்டை மாற்றி, கடைசியாகக் குடுமிக்கும் போட்டோம். இறக்கைக்கு அடியில் பேன் இருந்தது, அதற்கும் மருந்து பார்த்தாகிவிட்டது. குடற்புழுவுக்கும் கொடுத்தேன். இந்தப் பகுதியில் எதுவும் தப்பாகவில்லை.

இரவில் விட்டது

22-ஆம் நாள் சனிக்கிழமை. அப்பத்தாவிடம் கேட்டேன்.

“ராத்திரியில கூட்டுக்குள்ள விட்டுருய்யா. இருட்டுல ஒண்ணுக்கும் கண்ணு தெரியாது. காலையில எந்திரிச்சா, இதுவும் நம்ம கூடத்தான் கெடந்துச்சுன்னு இருந்துக்கிரும்.”

இது அப்பத்தா மட்டும் சொல்வதில்லை, ஊரே சொல்வது. எட்டு மணிக்கு டார்ச் அடித்து, குடுமியைக் கூட்டுக்குள் கோழிகள் ஏறி உறங்குகிற கம்பின் ஓரத்தில் உட்காரவைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. நிம்மதியாகப் போய்ப் படுத்தேன்.

காலையில் என்ன பார்த்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஏன் இப்படி ஆனது என்று பல நாள் யோசித்தேன். அப்பத்தா சொன்னது பொய் இல்லை. ஆனால் அப்பத்தா காலத்தில் கம்பிவலைக் கூடு கிடையாது. சேவல் கூவியவுடன், வெளிச்சம் வருவதற்கு முன்னாலேயே, கோழிகளைக் கவிழ்த்து மூடிவைக்கிற மூங்கில் கூடையான பஞ்சாரத்தைத் தூக்கிவிடுவார்கள். கோழிகள் கண் முழிக்கும்போதே வெளியில் இருக்கும். யார் இது என்று ஒன்று முறைத்தால் மற்றது வைக்கோல்படப்பைச் சுற்றி ஓடிவிடலாம். நான் விட்டதோ பூட்டிய கூட்டில். ஆறேகாலுக்கே வெளிச்சம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்று நான் எழுந்தது ஏழு மணிக்கு. முக்கால் மணி நேரம் நாலடிக்கு மூணடிக்குள் எட்டுக் கோழி.

கோழிச் சண்டையில் தோற்றதற்கு ஒரே ஒரு மொழிதான் உண்டு: விலகிப் போவது. தலையைத் தாழ்த்தித் திரும்பி நாலடி தள்ளிப் போய்விட்டால், ஜெயித்தது அதோடு விட்டுவிடும். கூட்டுக்குள் அந்த நாலடி இல்லை. குடுமி தோற்றுவிட்டேன் என்று சொல்லியிருக்கும், ஆனால் விலக முடியாததால் அது மற்றவற்றுக்குக் கேட்கவே இல்லை. மூலையில் தலையைச் செருகியது. பின்மண்டை வெளியே தெரிந்தது. கொத்தினார்கள். ரத்தம் வந்தது. சிவப்பைப் பார்த்துவிட்டால் கொத்தாத கோழியும் கொத்தும். கூடு உறங்குவதற்குப் போதுமான இடம்தான், விழித்திருப்பதற்கு இல்லை. இந்த வித்தியாசத்தை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை.

இன்னொரு காரணம் அந்தக் குடுமியே. இறகு கண்ணுக்கு மேல் கவிழ்ந்து, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் வருகிற கொத்து அதற்குத் தெரிவதில்லை. கோழிகள் ஒன்றையொன்று தலையையும் கொண்டையையும் பார்த்துத்தான் அடையாளம் வைத்துக்கொள்கின்றன. இப்படி ஒரு தலையை எங்கள் பெட்டைகள் பார்த்ததே கிடையாது.

மறுபடி தொழுவம். வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் துடைத்து, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் போட்டோம். ஈ உட்காராது, சிவப்பும் மறையும். எடை போட்டுப் பார்த்தேன், 1.05 கிலோ. இரண்டு நாள் தண்ணீர் மட்டும் குடித்தது. மூன்றாம் நாள் நொய்யும் முட்டையும் பிசைந்து வைத்ததைத் தின்றது. அதைப் பார்த்து அப்பத்தா, “பொழச்சுக்கிருச்சுய்யா” என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் சொன்ன யோசனை என்பதால் மனசுக்குள் உறுத்தியிருக்கிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஆறாம் நாள் காயம் பொருக்கு கட்டி உதிர்ந்தது. கத்தரிக்கோலை எடுத்து, கண்ணை மறைக்கிற குடுமி இறகை மட்டும் ஒட்ட வெட்டினேன். இதை வெளியே காட்டுவதற்கு முன்னாலேயே செய்துவிட வேண்டும். பழகிய பிறகு வெட்டினால் அது மறுபடி புதுத் தலையாகிவிடும்.

பஞ்சாரத்துக்குள் பத்து நாள்

பரணில் ஒரு பழைய பஞ்சாரம் இருந்தது. மூங்கில் சிம்பு பின்னியது, விரல் நுழையும், கோழித் தலை நுழையாது. தூசி தட்டி, புளியமர நிழலில் குடுமியை அதற்குள் கவிழ்த்து, மேலே ஒரு அம்மிக்கல் துண்டை வைத்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை அங்கே. இரவில் தொழுவம்.

முதல் நாள் செவலை வந்தது. கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு பஞ்சாரத்தை ஒரு சுற்று சுற்றியது. நின்றது. சிம்பை இரண்டு கொத்து கொத்தியது. உள்ளே குடுமி கழுத்தை ஒடுக்கிக்கொண்டது. செவலை திரும்பிக் குப்பைமேட்டுக்குப் போய்விட்டது. எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிஷம் இருக்காது. தலைக்கோழியின் வேலை அவ்வளவுதான். அதன் இடத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை, அதற்கு எதற்குச் சண்டை?

சேவல் இன்னும் சுலபம். ஒரு பக்க இறக்கையைத் தரையில் உரசிக்கொண்டு வட்டமிட்டது. பிறகு ஒரு கரையானைக் கண்டுபிடித்து, கொக் கொக் என்று கூப்பிட்டு, பஞ்சாரத்துக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனது. சேவல் இருக்கிற கூட்டத்தில் பெட்டைச் சண்டை கொஞ்சம் அடங்கித்தான் இருக்கும்.

போகாமல் நின்றது வெள்ளை. மற்றவை மேயப் போனபிறகும் அது பஞ்சாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. சிம்பு வழியாக மூக்கை விட்டுப் பார்த்தது. என் நோட்டில் முதல் மூன்று நாளும் “வெள்ளை, வெள்ளை, வெள்ளை” என்றுதான் இருக்கிறது. இரண்டு வருஷமாக ஐந்து பேரிடம் கொத்து வாங்கிய கோழி அது. கடைசியாகத் தின்று, கம்பில் கடைசியாக ஏறி, ஓரத்தில் உறங்கியது. இப்போதுதான் தனக்குக் கீழே ஒன்று வரப்போகிறது. அந்த வாய்ப்பை அது விடவில்லை. புதுக்கோழிக்குத் தலைக்கோழியால் ஆபத்து என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆபத்து அடியில் இருப்பதிடமிருந்து வருகிறது என்பதுதான் இந்த இரண்டு மாதத்தில் நான் கற்றது.

நாலாம் நாளிலிருந்து தீனியைப் பஞ்சாரத்தை ஒட்டியே போட்டேன். உள்ளேயும் போட்டேன், வெளியேயும் அதே இடத்தில் போட்டேன். நடுவில் மூங்கில் சிம்பு மட்டும். முதலில் குடுமி அந்தப் பக்கம் வரவே இல்லை. ஏழாம் நாள் சாம்பலும் குடுமியும் ஒரு சாண் இடைவெளியில் தலையைக் குனிந்து கம்பு பொறுக்கின. பத்தாம் நாள் வெள்ளையைத் தவிர யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திறந்துவிட்டது

40-ஆம் நாள் மாலை ஐந்து மணி. அடைய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. காலையில் விட்டால் நான் பஸ்ஸுக்குப் போனபிறகு என்ன நடந்தாலும் கேட்க ஆள் இல்லை. அதனால் மாலையைத் தேர்ந்தெடுத்தேன். தீனியை மூன்று இடத்தில், ஒன்றிலிருந்து ஒன்று தெரியாதபடி வைத்தேன். தண்ணீர்ச் சட்டி இரண்டு. சுவரோரம் ஒரு தென்னங்கீற்றுத் தட்டியைச் சாய்த்து வைத்தேன். இரண்டு பக்கமும் திறந்தே இருக்க வேண்டும். ஒரு பக்கம் அடைத்த மறைவு மறுபடியும் அந்தக் கூட்டு மூலைதான்.

பஞ்சாரத்தைத் தூக்கினேன். குடுமி அப்படியே நின்றது. செவலை நேராக வந்தது. இரண்டும் மூக்கோடு மூக்கு, தலை ஒரே உயரத்தில், கழுத்து இறகு குடை மாதிரி விரிந்து நின்றன. ஒரு தாவல். இன்னொன்று. மூன்றாவதில் குடுமி தலையைத் திருப்பி, நிதானமாக ஐந்தாறு அடி நடந்து போனது. செவலை நின்ற இடத்திலேயே தரையைக் கிளற ஆரம்பித்தது. முடிந்துவிட்டது. என் கையில் தடி இருந்தது, நல்லவேளை நான் குறுக்கே போகவில்லை. பாதியில் விலக்கியிருந்தால் அடுத்த நாள் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கும்.

நான் குறுக்கே போவது என்று முடிவு செய்து வைத்திருந்தது இதற்குத்தான்: ரத்தம் வந்தால், தோற்ற பிறகும் விரட்டிப் போய்க் கொத்தினால், ஒரு நாள் முழுக்கத் தீனிக்கே விடாவிட்டால். செவலை இதில் எதையும் செய்யவில்லை. வெள்ளை செய்தது. அன்று கால்மணி நேரத்தில் குடுமி வாங்கிய கொத்து: செவலையிடம் 3, கருப்பியிடம் 1, சாம்பலிடம் 6, வெள்ளையிடம் 14. மற்ற இரண்டும் கண்டுகொள்ளவில்லை. சாம்பல் கொத்திவிட்டுப் போய்விடும். வெள்ளை தட்டியின் ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேறும்வரை துரத்தியது.

மூன்று நாள் இப்படியே போனது. இரவில் குடுமி தொழுவத்தில்தான். கூட்டத்தின் முட்டையும் குறைந்தது, தினம் மூன்று கிடைத்தது ஒன்றுக்கு வந்தது.

“குடுமிய மறுபடி அடைச்சு வையிய்யா,” என்றார் அப்பத்தா.

“இல்ல அப்பத்தா. வெள்ளைய அடைக்கப் போறேன்.”

“முட்டையிடுற கோழிய அடைக்கிறேங்கிறியே!”

ஆனாலும் அடைத்தேன். அடி வாங்குவதைப் பிரித்தால் அது திரும்பிவரும்போது ஒவ்வொரு தடவையும் புதுக்கோழிதான். அடிப்பதைப் பிரித்தால் மற்றவை தமக்குள் தீர்த்துக்கொள்ளும், அடித்ததற்கும் தன் இடம் ஆட்டம் காணும். 43-ஆம் நாள் காலை வெள்ளையைப் பிடித்துத் தொழுவத்தில் விட்டேன். தண்டனை என்று இல்லை, நல்ல தீனிதான் வைத்தேன். அதுவும் ஒரு நாள் புதுசாக வந்து அடி வாங்கியதுதானே. அப்போது நான் இப்படி எதையும் செய்து கொடுக்கவில்லை. தூக்கிப் போட்டுவிட்டு அலுவலகம் போய்விட்டேன். இரண்டு வருஷமாக அது பட்டதில் பாதி என்னால்தான்.

வெள்ளை இல்லாத முதல் நாள் மாலையிலேயே குடுமி குப்பைமேட்டில் ஏறியது. சாம்பலின் கொத்து 6-லிருந்து 2 ஆனது. மூன்றாம் நாள் இரவு, யாரும் விடாமலேயே, குடுமி தானாகக் கூட்டுக்குள் போய்க் கம்பின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. மறுநாள் நான் ஐந்தரைக்கே எழுந்து கூட்டைத் திறந்தேன். அன்றிலிருந்து இன்றுவரை ஐந்தரைதான்.

48-ஆம் நாள் வெள்ளையை வெளியே விட்டேன். மற்றவை அதை மறந்துவிடவில்லை, ஆனால் தயங்கித்தான் பார்த்தன. வழக்கம்போல அது குடுமியை நோக்கி ஓடியது. இந்தத் தடவை குடுமி ஓடவில்லை. இரண்டும் நாலைந்து தாவல் தாவின. நீளமான சண்டை, ஒரு நிமிஷத்துக்கு மேலேயே இருக்கும். நான் தடியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் எது முதலில் திரும்பியது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. இரண்டும் வேறு வேறு பக்கம் போய்விட்டன. அதற்குப் பிறகு ஒரு வாரம், தீனியில் ஒரு நாள் இது முந்தும், ஒரு நாள் அது முந்தும். துரத்தல் இல்லை.

குடுமி 52-ஆம் நாள் வைக்கோல் கூடையில் முட்டையிட்டது. சின்ன முட்டை. கேறிக்கொண்டு வெளியே வந்தபோது சேவலும் சேர்ந்து கேறியது. மார்ச் கடைசியில் எடை 1.3 கிலோ. பின்மண்டையில் குருத்திறகு முளைத்திருக்கிறது. அந்தக் குருத்தில் ரத்தம் ஓடும் என்பதால் கொத்து படாமல் இன்னும் கவனிக்கிறேன்.

அடுத்த தடவை வாங்கினால் ஒன்றாக வாங்கமாட்டேன், இரண்டாக வாங்குவேன். விழுகிற கொத்தும் இரண்டாகப் பிரியும், அதற்குத் துணையும் இருக்கும். கூட்டுக் கம்பையும் நீளமாக்க வேண்டும். கோழி ஒன்றுக்கு ஒரு சாண் இடமாவது வேண்டும், இப்போது நெருக்கமாகத்தான் இருக்கிறது.

பங்குனியில் கருப்பி அடையில் உட்கார்ந்துவிட்டது. 21 நாள் கூட்டத்தைவிட்டு விலகி இருக்கும். முன்பெல்லாம் அடைக்கூடையைத் தொழுவத்துக்குள் வைப்போம். இந்தத் தடவை தாழ்வாரத்தில், மற்றவை மேய்கிற இடத்திலிருந்து பார்த்தால் தெரிகிறபடி வைத்தேன். காலையில் ஒரு பத்து நிமிஷம் தீனிக்கு எழுந்து வருகிறது. இன்றைக்கு அது வந்தபோது செவலை கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு கிட்டே போனது. கருப்பி இறகெல்லாம் உப்பி, வாலை விரித்து, இரண்டு மடங்கு பெரிதாக நின்றது. செவலை ஒதுங்கிக்கொண்டது. அந்தப் பக்கம் இரண்டாவது சட்டியில் குடுமியும் வெள்ளையும் தலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தன.